மூன்று மழைமானி, ஒரு கிளவுட் கணக்கு, ஒரு ஏஜென்ட்: அப்புத்தளைச் சரிவில் செய்த இன்டர்ன் வேலை

டெலிகிராமில் "நேத்து எவ்வளவு மழை?" என்று கேட்டால் தமிழில் பதில் வரவேண்டும். பண்டாரவளையில் ஒரு சிறிய மென்பொருள் கம்பனியில் இன்டர்னாகச் சேர்ந்த எனக்குக் கிடைத்த வேலை இவ்வளவுதான். மழையை அளக்க அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் மூன்று மழைமானிகள், அளவை வாங்கி வைக்க கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள்), கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்ட். கெம்பஸில் கிளவுட் என்றால் ஸ்லைடில் ஒரு மேகப் படம். ஏஜென்ட் என்றால் யூடியூப் டெமோ. அந்த டெமோக்களில் ஒருபோதும் சிக்னல் போகாது, கரண்ட் போகாது, எறும்பும் வராது.

ஏன் மழை என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் மேல் மலை இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது, பாதை அறுந்தது, போனும் வேலை செய்யவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்துச் சொல்லியிருக்கும் அளவுகள் மூன்று. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு, 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் உடனே வெளியேறு. தோட்டத்துப் பழைய ஆட்கள் இன்னும் இஞ்சிக் கணக்கில்தான் மழையைப் பேசுகிறார்கள். ஒரு இஞ்சி 25.4 மில்லிமீற்றர் என்பதால் அந்த மூன்றும் ஏறக்குறைய மூன்று, நாலு, ஆறு இஞ்சி. எங்கள் ஏஜென்ட் இரண்டு கணக்கிலும் பதில் சொல்வது அதனால்தான்.

முதலில் மானி. வாங்கியது வாளி கவிழும் வகை. புனலுக்குக் கீழே சீசோ போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பினால் கவிழ்ந்து மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு காந்தம், காந்தம் கிட்ட வந்தால் மூடும் ரீட் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகும். எங்களுடையதில் ஒரு தட்டு 0.2 மில்லிமீற்றர் மழை. புனலின் வாய் 200 மில்லிமீற்றர் விட்டம், அதாவது ஒரு தட்டுக்கு 6.28 மில்லிலீற்றர் தண்ணீர். பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது என்று டீம் லீட் அண்ணா சொன்னார். ஃபார்மசியில் சேலைன் குழாய் ஒன்று வாங்கி, 628 மில்லிலீற்றர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினோம். 100 தட்டு வரவேண்டும். சொட்டு மெதுவாக இருந்தவரை கிட்டத்தட்ட சரியாக வந்தது. அதே தண்ணீரை வேகமாக ஊற்றினால் எண்ணிக்கை குறைகிறது. கிண்ணம் கவிழும் அந்த நொடியிலும் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, அது கணக்கில் சேராமல் போய்விடும். அடைமழையில் இந்த வகை மானி உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும். எச்சரிக்கை வேலைக்கு எடுப்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

ரீட் சுவிட்ச் மூடும்போது துள்ளும். ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று துடிப்பு, மானியோடு இருக்கும் சின்னக் கணினியான ஈஎஸ்பி32 போர்டுக்குப் போகிறது. ஒரு துடிப்புக்குப் பிறகு சிறிது நேரம் வரும் எதையும் எண்ணாதே என்று அதில் நாலு வரி எழுதினால் தீரும். வைக்கும் இடம்தான் அதைவிடச் சிரமம். பக்கத்து நிழல் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும், காற்று நேராக அடிக்கவும் கூடாது. அப்புத்தளையில் காற்று அடிக்காத இடம் எங்கே? கடைசியில் ஒன்று தோட்டத்தின் மேல் டிவிஷன் (பிரிவு) ஃபீல்ட் ஒபிசுக்குப் பின்னால், ஒன்று கீழ் டிவிஷனில், மூன்றாவது ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வளவில் பழைய செம்பு மானிக்குப் பக்கத்தில். அந்தச் செம்பு மானியை, தொழிற்சாலையைப் பார்க்கும் டீ மேக்கர் ஐயா காலையில் பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிறார். எங்கள் எண் சரியா என்று ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மானியிலிருந்து கிளவுட்டுக்கு. போர்டில் ஒரு சிம் மொடியூல். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, இப்படியான சின்னக் கருவிகள் செய்தி அனுப்பும் முறையான எம்க்யூடிடி வழியாக ஒரு சின்னச் செய்தி. அது அமேசான் கிளவுட்டின் மும்பை ரீஜனுக்கு (கணினிகள் இருக்கும் வட்டாரம்) போகிறது, ஏனென்றால் இலங்கையில் அவர்களுக்கு ரீஜன் இல்லை. மும்பை, சிங்கப்பூர் இரண்டும் நமக்குக் கிட்ட. அப்புத்தளையில் பெய்த மழை மும்பைக்குப் போய்த் திரும்பி அதே அப்புத்தளைக்கு வருவதை ஸ்டோரில் சொன்னபோது நல்லாகச் சிரித்தார்கள்.

செய்தியில் என்ன அனுப்புவது என்பதில்தான் முதல் நல்ல பாடம். "கடைசிப் பத்து நிமிடத்தில் எத்தனை தட்டு" என்று அனுப்பத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் எம்க்யூடிடியில் QoS 1 எனப்படும் உத்தரவாதம் "குறைந்தது ஒரு முறை சேரும்" என்பதுதான். இரண்டு முறையும் சேரலாம். டவர் விட்டுவிட்டு வரும் இடத்தில் போர்டு பதில் கிடைக்காமல் மறுபடி அனுப்பும், இரண்டும் பதிவாகும், மழை இரட்டிக்கும். செய்தி தொலைந்தால் மழையும் தொலையும். இரண்டுக்கும் ஒரே மருந்து: மீட்டர்போல், பொருத்திய நாளிலிருந்து மொத்தம் எத்தனை தட்டு என்று அனுப்புவது. ஒரே எண் இரண்டு தரம் வந்தால் கவலையில்லை. நடுவில் பத்துச் செய்தி தொலைந்தாலும் பதினோராவது வந்ததும் மொத்தம் தெரிந்துவிடும், எந்த நிமிடத்தில் பெய்தது என்பது மட்டும் போகும். கரண்ட் போய் எழும்பினால் எண் பூச்சியத்துக்குப் போகாமல் போர்டின் நினைவகத்தில் எழுதி வைக்கிறோம். எத்தனையாவது முறை எழும்பியது என்பதையும் கூடவே அனுப்புகிறோம்.

நேரத்தில் இன்னொரு கூத்து. போர்டுக்குச் சொந்தமாகக் கடிகாரம் இல்லை. எழும்பியதும் இன்டர்நெட்டில் நேரம் கேட்டு வாங்கும். அதற்கு முன் போர்டுக்கு இன்று, பல கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாளான 1970 ஜனவரி 1. டேபிளில் 1970-இல் பெய்த மழை சில வரிகள் கிடந்தன. நேரம் கிடைக்கும் வரை செய்தியைப் பிடித்து வைத்துக்கொள் என்று மாற்றினோம்.

அதைவிட நுணுக்கமானது "நேற்று" என்ற கணக்கு. கிளவுட்டில் எல்லாம் யூடிசி எனும் உலகப் பொது நேரம். இலங்கை அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை சேர்வருக்கு இன்னும் நேற்றுதான். இதைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்த பிறகும் எங்கள் எண்ணும் ஸ்டோர் புத்தகமும் ஒத்துவரவில்லை. மானியைக் கழற்றிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. டீ மேக்கர் ஐயாவிடம் புத்தகத்தைக் காட்டிக் கேட்டேன்.

"மகள், இது காலம்பற எட்டரைக்குப் பாக்கிறது. நேத்து எட்டரையில இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் ஒரு கணக்கு. நீங்க ராத்திரி பன்னெண்டுக்கு வெட்டுறீங்க."

வளிமண்டலவியல் திணைக்களத்தின் தினசரி மழைக் கணக்கும் இதே எட்டரைதான். யூடிசியில் அது சரியாக மூன்று மணி. நாங்களும் எட்டரைக்கு மாற்றியதும் இரண்டு எண்களும் பக்கத்தில் வந்து நின்றன. இப்போது பதில் எப்போதும் "நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை" என்று தொடங்கும். கொஞ்சம் நீளம்தான். சந்தேகம் வராது.

இனி கிளவுட் பக்கம். செய்தி வந்ததும் அமேசானின் லாம்ப்டா சேவையில் ஒரு ஃபங்ஷன் (தேவைப்படும்போது மட்டும் ஓடும் சின்ன நிரல்) எழும்பி, டைனமோடிபி என்ற தரவுத்தளத்தில் எழுதிவிட்டுத் தூங்கும். சேர்வர் என்று ஒன்றை நாங்கள் வாடகைக்கு எடுக்கவில்லை. மூன்று மானி, பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு 432 செய்தி, மாதத்துக்கு 13,000-க்குக் கிட்ட. லாம்ப்டாவில் மாதம் பத்து இலட்சம் அழைப்பு வரை இலவசம். எங்கள் பில்லில் லாம்ப்டா ஒரு பொருட்டே இல்லை. ஏஜென்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மொடலுக்குக் கொடுக்கும் டோக்கன் காசும் (அது வாசிக்கும், எழுதும் சொல் துண்டுகளை எண்ணி வாங்கும் காசு) மூன்று சிம்மின் டேட்டாவும்தான் செலவு. ஆனாலும் கணக்குத் திறந்த அன்றே செய்ய வேண்டியது பட்ஜெட் அலாரம். இத்தனை டொலர் தாண்டினால் மெயில் போடு என்று வைத்துவிட வேண்டும். பதிவு லொக்குகளையும் பாருங்கள். அவற்றைச் சேர்த்து வைக்கும் கிளவுட்வொட்சில் நாம் மாற்றாவிட்டால் அவை ஒருபோதும் அழியாது, சேர்ந்துகொண்டே போகும். நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

அனுமதிகள்தான் ஆளைக் கொல்லும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எதைத் தொடலாம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். எழுதாததைத் தொட்டால் அனுமதி மறுப்பு. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் சொல்லும் தீர்வு நட்சத்திரக் குறி போடுவது, அதாவது எல்லாவற்றுக்கும் எல்லா அனுமதியும். டீம் லீட் அண்ணா அதற்கு விடவில்லை. "தங்கச்சி, ஏஜென்டுக்கு வாசிக்க மட்டும் விடு. எழுதுற சாவி அதுகிட்ட இருக்கவே கூடாது." இப்போது அது சரி என்று படுகிறது. டெலிகிராமில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். "பழைய பதிவை எல்லாம் அழி" என்று ஒருவர் எழுதி, மொடலும் அதற்கு இணங்கினாலும், அழிக்க அதனிடம் வழி இல்லை. மொடலுக்கு எவ்வளவு புத்திமதி சொன்னாலும் இந்தப் பூட்டுக்கு ஈடாகாது.

ஏஜென்ட் என்பது உள்ளே பார்த்தால் ஒரு சுற்று. கேள்வியையும், என்னென்ன டூல் (நாங்கள் எழுதி வைத்த சின்ன நிரல்) இருக்கிறது என்ற விவரத்தையும் மொடலுக்கு அனுப்புகிறோம். அது பதிலாக "மழைத்தொகை டூலை இந்த மானிக்கு, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை ஓட்டு" என்று எழுதித் தருகிறது. ஓட்டுவது எங்கள் கோட். விடையை மறுபடி மொடலிடம் கொடுக்கிறோம். போதும் என்று அது நினைத்தால் பதில் எழுதும், இல்லாவிட்டால் இன்னொரு டூல் கேட்கும். மொடல் தானாக எங்கும் போய் எதையும் செய்வதில்லை. இது புரிந்ததும் ஏஜென்ட் பற்றிய பயமும் பிரமிப்பும் சேர்ந்தே குறைந்தன. எங்களிடம் மூன்றே டூல்: மழைத்தொகை, மானியின் நிலை, இரண்டு காலங்களை ஒப்பிடுவது. கூட்டல் கழித்தல், இஞ்சியாக மாற்றுவது எல்லாம் டூலுக்குள். மொடலிடம் எண்களின் பட்டியலைக் கொடுத்துக் கூட்டச் சொல்வது வேண்டாத வேலை. பெரும்பாலும் சரியாக வரும். அந்தப் பெரும்பாலும்தான் பிரச்சினை.

லாம்ப்டாவின் நேர வரம்பு நாம் மாற்றாவிட்டால் 3 செக்கன். மொடலிடம் இரண்டு சுற்றுப் போய்வர அது போதாது. பாதியில் அறுந்தால் டெலிகிராம் தன் செய்தி சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும், ஒரே கேள்விக்கு ஏஜென்ட் திரும்பத் திரும்ப எழும்பும். வரம்பைக் கூட்டலாம், 15 நிமிடம் வரை இடமுண்டு. ஆனால் ஒழுங்கான வழி, கேள்வியை வாங்கி வரிசையில் போட்டு டெலிகிராமுக்கு உடனே "கிடைத்தது" என்று சொல்லிவிடுவது. வரிசையிலிருந்து இன்னொரு ஃபங்ஷன் எடுத்து ஆறுதலாக வேலை பார்க்கும்.

இந்த வேலையில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது இனிச் சொல்லப்போவது. ஏப்ரல் மாதத்து அந்தி மழை எப்படி என்று தெரியும்தானே, காலையில் பளிச்சென்று வெயில், மூன்று மணிக்கு இடி. அப்படி ஒரு அந்தியில் மேல் டிவிஷன் மானியின் தொடர்பு அறுந்தது. மழை கொட்டுகிறது, செய்தி வரவில்லை. சோதனைக்கு "மேல் டிவிஷன்ல இப்ப ஒரு மணித்தியாலத்துல எவ்வளவு?" என்று கேட்டோம். டூல் காலிப் பட்டியலைத் திருப்பித் தந்தது. ஏஜென்ட் அழகான தமிழில், "கடந்த ஒரு மணித்தியாலத்தில் மேல் டிவிஷனில் மழை பதிவாகவில்லை" என்றது. தொடர்பு திரும்பியபோது எண்ணிக்கை 190 தட்டு ஏறியிருந்தது. 38 மில்லிமீற்றர், ஒன்றரை இஞ்சி.

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. பதிவாகவில்லைதான். ஆனால் லயத்தில் இருந்து வாசிப்பவர் அதை "மழை இல்லை" என்றுதான் எடுப்பார். டவர் அறுவதும் பெட்டரி தீர்வதும் நல்ல வெயிலில் நடப்பதில்லை, மழை உச்சத்தில் இருக்கும்போதுதான் நடக்கும். ஆகவே இந்தப் பிழை மிக ஆபத்தான நேரம் பார்த்துத்தான் வரும்.

மொடலுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில் "தகவல் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்" என்று சேர்த்துப் பார்த்தோம். சில நேரம் கேட்டது, சில நேரம் கேட்கவில்லை. அதனால் டூலையே மாற்றினோம். இப்போது அது காலிப் பட்டியல் தருவதே இல்லை. ஒவ்வொரு விடையிலும் எத்தனை செய்தி வரவேண்டும், எத்தனை வந்தது, கடைசியாக எத்தனை மணிக்கு வந்தது என்று சேர்த்துத் தருகிறது. மழை இல்லாவிட்டாலும் மானி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்வதால் இந்தக் கணக்கு சாத்தியம். ஆறு வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் தொகை என்ற எண்ணே போகாது. "தெரியவில்லை, கடைசித் தகவல் பிற்பகல் 3.10" என்ற சொற்கள்தான் போகும். மொடலுக்குப் பூச்சியம் என்று எழுத எண் எதுவும் கையில் இல்லை. அந்த வாக்கியத்தை அது சுருக்கிவிட்டாலும் தெரியும்படி, பதிலுக்குக் கீழே கடைசித் தகவல் நேரத்தைக் கோட் தானாக ஒட்டுகிறது.

காலிப் பட்டியலால் இன்னொரு தொல்லையும் இருந்தது. மொடல் சில நேரம் விடாமல் வேறு வேறு நேரம் போட்டு அதே டூலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் டோக்கன் காசு ஏறும். ஐந்து சுற்றுக்கு மேல் போகாதே என்று வெட்டியிருக்கிறோம். டூல் தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகு அந்த வெட்டு அநேகமாகத் தேவைப்படவில்லை.

தமிழுக்கென்று சில வேலை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட். அதே விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்வதைவிடத் தமிழில் டோக்கன் கூடப் போகும். ஆகவே அறிவுறுத்தல் ஆங்கிலத்தில், பதில் மட்டும் தமிழில். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள். "முந்தாநேத்து", "அந்திக்கு", "வெள்ளன" எல்லாம் வரும். மொடல் இதில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கெட்டிக்காரன். அதைத் தடுமாற வைத்தது "ஸ்டோர்". தமிழில் அடித்தால் சிலருடைய போனிலிருந்து வரும் சொல் எங்கள் பெயர்ப் பட்டியலோடு பொருந்தவில்லை. கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பைட்டை விரித்துப் பார்த்தால், ஓகாரக் குறியைச் சில கீபோர்டுகள் ஒரே குறியாக அனுப்புகின்றன, சில ஏகாரக் குறி, கால் என்று இரண்டாக உடைத்து அனுப்புகின்றன. யூனிகோடில் இரண்டும் செல்லும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்ற ஒரே வரி. தமிழில் தேடல் சம்பந்தமாக எதைச் செய்தாலும் இந்த வரியை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

தோட்டத்து ஆட்கள் உண்மையாகக் கேட்ட கேள்விகளைச் சேர்த்து ஒரு சோதனைப் பட்டியல் வைத்திருக்கிறோம். எதையாவது மாற்றினால் முழுப் பட்டியலையும் ஓட்டி, எண் சரியா, நேர எல்லை சொல்லியிருக்கிறதா, தெரியாததைத் தெரியாது என்றதா என்று பார்ப்போம். அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி, "நாங்க இன்னைக்கு ராவு லயத்துல இருக்கலாமா?" இதற்கு மொடலைப் பதில் எழுதவிடுவதில்லை. இந்த வகைக் கேள்வி வந்தால் நாங்கள் எழுதி வைத்த நிலையான பதில் போகும்: இப்போதைய அளவு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்று எல்லைகள், கிராம உத்தியோகத்தரையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் கேளுங்கள் என்ற வரி. எல்லை தாண்டினால் போகும் எச்சரிக்கைச் செய்தியும் ஏஜென்ட் வழியாகப் போவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சாதாரண ஃபங்ஷன், மூன்று ஒப்பீடு, அவ்வளவுதான். அதற்குள் ஏஐ எதுவும் இல்லை என்று ஒரு கூட்டத்தில் சொன்னபோது சிலருக்கு ஏமாற்றம். சரிவு சொல்ல மழை மட்டும் போதாது, மண், சாய்வு, மேலே எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று நிறைய இருக்கிறது. மூன்று மானியை வைத்துக்கொண்டு ஏஜென்ட் தீர்ப்புச் சொல்லப்போனால் யார் பொறுப்பு?

அடுத்த இன்டர்னுக்கு ஒப்படைக்கும் குறிப்பில் மிச்சம் இருக்கும் வேலைகளையும் எழுதியிருக்கிறேன். மேல் டிவிஷன் மானிக்கு வேறு கம்பனி சிம் ஒன்று சேர்த்து, ஒன்று விழுந்தால் மற்றதற்கு மாற வேண்டும். மூடுபனிக் காலத்துக்கு சோலார் தகடு போதவில்லை, பெட்டரியைப் பெரிதாக்க வேண்டும். கீழ் டிவிஷன் மானிக்குள் ரீட் சுவிட்சுக்குப் பக்கத்தில் எறும்பு கூடு கட்டுகிறது, மானி நிற்கும் காலைச் சுற்றிக் கிரீஸ் தடவியிருக்கிறோம், மழையில் கழுவிப்போனதும் மறுபடி தடவ வேண்டும். புனல் வலையில் தேங்கும் இலையை வாரத்துக்கு ஒருமுறை எடுக்க ஃபீல்ட் ஒபிஸ் அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஏஜென்டுக்குப் புது டூல் எதுவும் பட்டியலில் இல்லை.